வழிகாட்டுவது குற்றமா?
பரவலாக்கப்பட்ட சமூகத் தளங்களும் புதியவர் பிரச்சினையும்

சமூகத் தொடர்பாடற் சாதனங்கள் ஒருசில பெருநிறுவனங்களின் கைகளிற் குவிந்து கிடப்பதன் தீமைகள் பற்றி இன்று பரவலாகப் பேசப்படுகிறது. அத்தீமைகளுக்கு மாற்றாகப் ‘பரவலாக்கப்பட்ட சமூகத் தளங்கள்’ முன்வைக்கப்படுகின்றன. மாற்று வேண்டும் என்பதில் எமக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், அம்மாற்றை முன்வைப்போரிற் பலர் அதன் வாயிலில் வந்து நிற்கும் புதியவரை நடத்தும் முறையை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வழி தெரிந்தவர் வரட்டும், தெரியாதவர் தாமே தேடிக்கொள்ளட்டும் என்ற மனப்பாங்கு சுதந்திரத்தின் பெயரால் அங்கு நியாயப்படுத்தப்படுகிறது. இம்மனப்பாங்கு சுதந்திரத்துக்கு அரண் அன்று. தான் எதிர்ப்பதாகக் கூறும் அதிகாரக் குவிவையே அது மீண்டும் தோற்றுவிக்கிறது. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரவலாக்கம் என்பது யாது?

பேஸ்புக், ருவிற்றர் போன்றவற்றிற் பயனாளர் அனைவரும் ஒரே நிறுவனத்தின் வழங்கிகளிற் தங்கியிருக்கின்றனர். மாஸ்ரடன், லெமி முதலியவற்றில் நிலைமை வேறு. தனிமனிதர், சங்கம், நூலகம் என எவரும் தமக்கென ஒரு வழங்கியை நிறுவலாம். வெவ்வேறு வழங்கிகளிற் கணக்கு வைத்திருப்போர், மின்னஞ்சலிற் போல, ஒருவரோடொருவர் உரையாடலாம். இதற்கு வேண்டிய பொது நெறிமுறைகளுள் ஒன்றாகிய ‘அக்ரிவிற்றிபப்’, 2018 சனவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பினால் ஒரு தரமாகப் பரிந்துரைக்கப்பட்டது. 2016 இல் இயூஜின் ரொச்கோ ஜேர்மனியிலிருந்து தொடக்கிய மாஸ்ரடன் ருவிற்றரை ஒத்தது. அங்கு ஆட்களைப் பின்தொடர்கிறோம். லெமி ரெடிற்றை ஒத்தது. அங்கு பொருள்வாரியாக அமைந்த குழுமங்களிற் சேர்கிறோம்.

இத்தளங்களை நோக்கி மக்கள் பெருந்தொகையாக வந்த சந்தர்ப்பங்கள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2022 ஒக்ரோபரில் இலோன் மஸ்க் ருவிற்றரை வாங்கியதைத் தொடர்ந்து, மாஸ்ரடனை மாதந்தோறும் பயன்படுத்துவோர் தொகை ஏறத்தாழ 3 இலட்சத்திலிருந்து 25 இலட்சமாக உயர்ந்ததென அதன் நிறுவுநர் அறிவித்தார். 2023 யூனில் ரெடிற் நிறுவனம் வெளி மென்பொருட்களுக்கு விதித்த புதிய கட்டணத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுமங்கள் மூடப்பட்டபோது, பலர் லெமியை நாடினர். ஆயின், வந்தோரிற் கணிசமானோர் தங்கவில்லை. மாஸ்ரடனின் பயனாளர் தொகை சில மாதங்களிலேயே பெருமளவு வீழ்ந்தது. ஏன் வந்தனர் என்பதற்கு விடை கூறுவோர் பலர் உளர். ஏன் போயினர் என்று கேட்போர் மிகச் சிலரே.

வெறுமையின் காரணம்

இவ்வினா எமக்கு ஏட்டறிவு சார்ந்த ஒன்றன்று. எமது விடுதியில் எண்மர் ஒரே வாரத்தில் மாஸ்ரடனிற் கணக்குத் தொடங்கினோம். நண்பி ஒருவர் பெயரழகை நம்பிச் சிறிய வழங்கியொன்றைத் தேர்ந்தார். அவர் இலக்கியம் என்று தேடியபோது திரையில் எதுவுமே தோன்றவில்லை. இன்னொருவர் மிகப் பெரிய வழங்கியிற் சேர்ந்தார். அவரது பொது ஓடையில் அறியாத மொழிகளில் அறியாத நாடுகளின் செய்திகள் கணந்தோறும் ஓடின. ஒருவருக்கு வெறுமை, மற்றவருக்கு வெள்ளம். ஒரு மாதத்தின்பின் எஞ்சியோர் இருவர். அந்நண்பி விடாது எழுதினார். ஆனால் அச்சிறு வழங்கி ஒருநாள் முன்னறிவித்தலின்றி மூடப்பட்டது. அவர் எழுதிய குறிப்புகள் அனைத்தும் அத்துடன் மறைந்தன. மூன்று மாத முன்னறிவித்தல் தருவதாக வாக்களித்த வழங்கிகளை மாத்திரம் பட்டியலிடும் ஏற்பாடொன்று 2019 முதல் மாஸ்ரடனின் அறிமுகப் பக்கத்தில் உண்டென்பதை அவருக்கு எவரும் கூறியிருக்கவில்லை.

“தேடத் தெரியாதவர்கள்” என்று எம்மை இகழ்ந்தோரும் உளர். ஆயின், அவ்வெறுமை எமது அறியாமையின் விளைவன்று. இத்தளங்களின் அமைப்பின் விளைவு. மாஸ்ரடனில் ஒரு குறிச்சொல்லைத் தேடும்போது உலகிலுள்ள எல்லாப் பதிவுகளும் தேடப்படுவதில்லை. எமது வழங்கிக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்த பதிவுகளே தேடப்படுகின்றன. எமது வழங்கியிலுள்ள எவரேனும் ஒருவரைப் பின்தொடர்ந்தால் அன்றி அவரது எழுத்துகள் பெரும்பாலும் இங்கு வருவதில்லை. லெமியிலும் இதே நிலைதான். வேறொரு வழங்கியிலுள்ள குழுமத்தை எம்மவர் ஒருவர் அதன் முழு முகவரியைத் தந்து முதன்முதல் அழைக்கும்வரை, அக்குழுமம் எமது வழங்கியின் அறிவுக்கு எட்டாதது. ‘அனைத்தும்’ என்று பெயரிட்ட ஓடையிற் காணப்படுவது அனைத்துமல்ல. முன்வந்தோர் தேடிவைத்தவை மாத்திரமே. அஃதாவது, கண்டுபிடிப்பதற்கு முகவரி வேண்டும். முகவரியைப் பெறுவதற்கு முன்னரே கண்டுபிடித்திருக்க வேண்டும். இவ்வட்டத்தினுள் நிற்பவரை நோக்கித் தாமே தேடுக என்பது, கிணற்றடியிற் கயிறு கொடாது நீர் அள்ளுக என்பதற்கு ஒப்பானதாகும்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே பெயரில் வெவ்வேறு வழங்கிகளிற் பல குழுமங்கள் இருக்கலாம். தொழினுட்பம் என்ற பொருளுக்கு லெமியின் பெரிய வழங்கிகள் ஒவ்வொன்றிலும் ஒரு குழுமம் உண்டு. எது உயிர்ப்புள்ளது, எது கைவிடப்பட்டது, எது எத்தகைய ஒழுங்கு உடையது என்பதைப் பெயர் காட்டாது. வழங்கிகளுக்கிடையிலான உறவும் மாறுவது. 2023 யூனில், புதியவர் வெள்ளமெனச் சேர்ந்துகொண்டிருந்த அதே வாரங்களில், பீஹோ என்னும் வழங்கி வேறு இரு பெரிய வழங்கிகளுடனான தொடர்பைத் துண்டித்தது. தங்குதடையற்ற பதிவினால் வந்து குவிந்தோரைக் கண்காணிக்கத் தம்மிடம் போதிய மட்டறுத்துனர் இல்லை என்பது அவர்கள் கூறிய காரணம். அம்முடிவை நாம் குறைகூறவில்லை. தம் வீட்டு வாயிலைச் சாத்த எவருக்கும் உரிமையுண்டு. ஆயின், முதல்நாள் கணக்குத் தொடங்கியவர் மறுநாள் தாம் விரும்பிய குழுமத்தோடு உரையாட முடியாது நின்றபோது, நிகழ்ந்தது யாதென்று அவருக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு யாருடையது?

“இடர்ப்பாடே வடிகட்டி” என்னும் வாதம்

இவ்விடத்து முதல் எதிர்வாதம் எழும். நுழைவு கடினமாயிருப்பது நன்றே. அக்கடினம் அக்கறையற்றோரை வடிகட்டிவிடும் என்பர். இவ்வாதம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதிலும் பார்க்க, ஏளனத்தின் வடிவில் உலவுவதே அதிகம்.

இதற்கு வரலாறே விடை கூறும். பரவலாக்கப்பட்ட உரையாடற் களம் இன்று தோன்றியதன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களாகிய ரொம் ட்ரஸ்கொட், ஜிம் எலிஸ் ஆகியோர் 1979 இல் எண்ணி, 1980 இல் இயங்கத் தொடங்கிய யூஸ்நெற் அத்தகையதே. அதற்குத் தனியொரு நடுவம் இருக்கவில்லை. கணினியிலிருந்து கணினிக்குச் செய்திகள் கைமாற்றப்பட்டன. பிற்காலத்தில் தமிழர் பண்பாட்டுக்கும் இலங்கைப் பண்பாட்டுக்கும் அங்கு தனித்தனிச் செய்திக்குழுக்கள் இருந்தன. ஆண்டுதோறும் செப்டெம்பரிற் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதாக வரும் மாணவர் அக்களத்தினுள் நுழைவர். அவர்களை எதிர்கொள்ளப் பழையவர்கள் ஆயத்தமாயிருந்தனர். புதியவருக்கென்றே அறிவித்தற் குழு ஒன்று இருந்தது. அடிக்கடி கேட்கப்படும் வினாக்களுக்கான விடைகள் காலந்தவறாது வெளியிடப்பட்டன. வேண்டாதவரின் எழுத்தை மறைக்கும் வசதியை வாசிப்பு மென்பொருளே தந்தது. இன்று நாம் சாதாரணமாகக் காணும் வினாவிடைத் தொகுப்புகள் பரவலாயினமைக்கு அக்களத்தின் உழைப்பே பெரிதும் காரணம்.

1993 ஐ அடுத்து ஏ.ஓ.எல். என்னும் வணிக நிறுவனம் தன் சந்தாதாரருக்கு யூஸ்நெற்றின் வாயிலைத் திறந்தபோது, வருகை செப்டெம்பருடன் முடியாது ஆண்டு முழுவதும் தொடர்ந்தது. பழையவர்கள் அதனை ‘முடிவுறாத செப்டெம்பர்’ எனக் கசந்து அழைத்தனர். இந்நிகழ்வைப் புதியவர் களத்தைக் கெடுத்தனர் என்பதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எமது கருத்து வேறு. முன்னைய செப்டெம்பர்களிலும் வந்தவர் புதியவரே. அப்போது களம் தாங்கியது, வருவோர் தொகைக்கு ஏற்ற வழிகாட்டுநர் இருந்தமையால். பின்னர் தாங்காமற் போனது, வருகை பெருக வழிகாட்டல் பெருகாமையால். ஆகவே வரலாறு தரும் பாடம் வாயிலைச் சாத்துக என்பதன்று. வாயிலில் நிற்போர் தொகையைக் கூட்டுக என்பதே.

மேலும், இடர்ப்பாடு வடிகட்டுவது யாரை? அக்கறையற்றவரையன்று, ஓய்வற்றவரை. ஆங்கிலம் வசப்படாதவரை. கையடக்கத் தொலைபேசியில் அளந்து வாங்கிய தரவை வைத்துக்கொண்டு தேடுபவரை. வெறுப்புப் பிரசாரகருக்கோ நேரமும் பொறுமையும் குறைவதில்லை. 2019 யூலையில் தீவிர வலதுசாரிகள் கூடும் ‘காப்’ என்னும் தளம் மாஸ்ரடனின் மென்பொருளையே எடுத்துத் தனதாக்கிக்கொண்டது. இடர்ப்பாடு அவர்களைத் தடுக்கவில்லை. தடுத்தவை, அவ்வழங்கியோடு உறவாட மறுத்த ஏனைய வழங்கிகளின் தெளிவான முடிவுகளே.

வழிகாட்டி இல்லாத இடத்தில் யார் ஆள்வர்?

வழிகாட்டுவோர் எவரும் இல்லாவிடின் புதியவர் சுதந்திரமாகத் தெரிவு செய்வர் என்று கருதுவது வெறுங் கற்பனை. அவர் கண்முன் முதலில் நிற்பதைத் தெரிவு செய்வர். 2023 மே முதலாந் திகதி மாஸ்ரடன் தன் செயலியிற் புதியவர்கள் தனது சொந்த வழங்கியிலேயே நேரே சேரும் வகையில் வாயிலை மாற்றியமைத்தது. வேறு வழங்கியைத் தேடும் வழி மூடப்படவில்லை. ஆயினும் அது இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. பரவலாக்க இலட்சியவாதிகள் பலர் கொதித்தெழுந்தனர். ஆனால் அம்மாற்றத்துக்கு வழிசமைத்தது எது? நூற்றுக்கணக்கான வழங்கிகளின் பட்டியலைக் கண்டு திகைத்துத் திரும்பிய புதியவர்களின் அனுபவமே. வழிகாட்டும் பணியைச் சமூகங்கள் ஏற்காதபோது அது ஒரே பொத்தானாகச் சுருங்கியது. அப்பொத்தான் யாருடைய வழங்கிக்கு இட்டுச் செல்லுமோ அவரே வளர்வர். குவிவுக்கு எதிராக எழுந்த இயக்கம் குவிவை அடையும் வழி இதுவாகும்.

அவ்வாறாயின் பெருநிறுவனங்களின் அல்கோரிதத்தையே இங்கும் கொணர்ந்தால் என்ன எனச் சிலர் கேட்பர். இது இரண்டாவது எதிர்வாதம். அல்கோரிதமும் மனிதர் வகுத்த தெரிவே. அதன் அளவுகோல் எதுவென்பதை வாசகர் அறியார், அறிந்தாலும் மாற்றார். ஒருவரை நீண்டநேரம் திரைமுன் நிறுத்திவைப்பது அதன் குறிக்கோளாக இருக்குமிடத்து, அவருக்கு ஏற்ற சமூகத்தைக் காட்டுவது அதன் தற்செயல் விளைவாக மாத்திரமே இருக்கமுடியும்.

மூன்றாவது எதிர்வாதம் சற்று வலிமையானது. பட்டியலிடுபவர் அதிகாரம் பெறுகிறார்; எனவே வழிகாட்டிப் பட்டியல் புதியதொரு தணிக்கை என்பது அது. இதில் உண்மை உண்டு. 2024 யூனில் புளூஸ்கை தளம் ‘தொடக்கப் பொதி’ என்ற வசதியை அறிமுகப்படுத்தியது. எந்தப் பயனாளரும் 150 கணக்குகள் வரை தெரிந்தெடுத்து ஒரு பொதியாக்கலாம். புதியவர் அதனை ஒரே தடவையிற் பின்தொடரலாம். வெறுந்திரையின் அச்சத்தை இது பெரிதும் நீக்கியது. அதேவேளை, பொதியில் இடம்பெற்றோர் மேலும் புகழ்பெற, இடம்பெறாதோர் மறைவில் நிற்கும் நிலையும் ஏற்படவே செய்யும். புளூஸ்கையின் கணக்குகளிற் பெரும்பாலானவை ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளமையால் அதனை முழுமையான பரவலாக்கம் என ஏற்பதும் கடினம். எனினும் அவ்வசதியின் உட்கரு போற்றத்தக்கது. பொதியை ஆக்கியவர் பெயர் வெளிப்படை. எவரும் மாற்றுப் பொதி ஆக்கலாம். பட்டியலின் அதிகாரத்துக்கு மருந்து பட்டியலின்மை அன்று, பல பட்டியல்கள்.

நூலகத்துறை இவ்வுண்மையை எப்போதோ கண்டுவிட்டது. சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய சீ. இரா. அரங்கநாதன் 1931 இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றுள் நான்காவது வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியது. வாசகர் தாமே நூலடுக்குகளிடையே உலாவித் தெரிவு செய்யவேண்டும் என வாதிட்ட அதே அறிஞரே, வாசகருக்குத் துணைநிற்கும் உசாத்துணைச் சேவையையும் வற்புறுத்தினார். அவர் இரண்டையும் முரணாகக் காணவில்லை. திறந்த அடுக்கு உள்ள இடத்திலேதான் உசாத்துணை நூலகரின் தேவை அதிகம். இன்றைய தளங்கள் அடுக்குகளைத் திறந்துவிட்டன, நூலகரை மறந்துவிட்டன.

வடிகட்டலும் தமிழும்

கண்டுபிடிப்பது பாதி, வடிகட்டுவது மறுபாதி. வேண்டாதவற்றை மறைக்கும் கருவிகள் இத்தளங்களில் உள்ளன. மாஸ்ரடனிற் குறித்த சொற்கள் வரும் பதிவுகளை எச்சரிக்கையோடு மூடிவைக்கவோ முற்றாக நீக்கவோ முடியும். ஒரு முழு வழங்கியையே ஒருவர் தம் பார்வையிலிருந்து விலக்கலாம். லெமியில் இவ்வழங்கி விலக்கல் 2023 டிசெம்பர் முதல் பயனாளர் கைக்கு வந்தது. பொது ஓடையில் எம்மொழிப் பதிவுகள் தோன்றவேண்டும் என்பதையும் மாஸ்ரடனில் வரையறுக்கலாம். ஆயின் இவை அமைப்புப் பக்கங்களின் ஆழத்திற் கிடக்கின்றன. காயப்பட்ட பின்னரே பலர் அவற்றைக் காண்கின்றனர்.

தமிழில் எழுதுவோருக்கு இங்கு தனிப்பட்டதோர் இடர் உண்டு. இக்கருவிகள் ஆங்கிலச் சொல்லமைப்பை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டவை. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி நிற்கும். ‘தேர்தல்’ என்ற சொல்லை வடிகட்டியில் இட்டால் ‘தேர்தலில்’, ‘தேர்தலுக்கு’ என்பன தப்பிச் செல்லும். இறுதிப் புள்ளி அங்கு இல்லையாதலால். புள்ளியை நீக்கித் ‘தேர்தல’ என இட்டு, முழுச்சொல் என்னும் நிபந்தனையையும் அகற்றினாலே அனைத்தும் அகப்படும். ‘யுத்தம்’ மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை பெற்று ‘யுத்தத்தில்’ ஆகும். எனவே ‘யுத்த’ என்றே இடவேண்டும். இது எங்கும் பொருந்தும் சூத்திரமும் அன்று. ‘போர்’ என இடுபவர் ‘போரில்’ என்பதைத் தவறவிட்டுப் ‘போர்வை’யை மறைப்பர். ‘போர’ என இடுபவர் ‘போராட்டம்’ அனைத்தையும் இழப்பர். குறிச்சொல்லுக்கும் இதுவே கதி: ‘இலக்கியம்’ என்று தேடுபவருக்கு ‘இலக்கியங்கள்’ எனக் குறித்தவர் அகப்படார். எழுதுபவர் தம் பதிவின் மொழியைத் தமிழ் எனக் குறிக்கத் தவறின் மொழி வடிகட்டலும் பயனற்றுப்போம். பள்ளியிற் கற்ற புணரிலக்கணம் இவ்வளவு நேரடியாக உதவும் இடம் வேறில்லை. ஆயினும் தமிழ் கற்ற நாம் இதுபற்றி ஒரு பக்கந்தானும் எழுதி வைத்தோமா?

வடிகட்டல் எனும்போது அதனைச் சுகபோகியின் வசதியாகக் கருதுவோர் எமது நாட்டின் அண்மை வரலாற்றை நினைவுகூர்தல் நன்று. 2018 மார்ச்சிற் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்முறை கட்டவிழ்க்கப்பட்டபோது பேஸ்புக்கிற் பரவிய வெறுப்புரைகள் அத்தீக்கு எண்ணெயாயின. அதில் தனக்கிருந்த பங்கு குறித்து அந்நிறுவனம் 2020 மே மாதத்திலேதான் வருத்தம் தெரிவித்தது. மொழியறியாத காவலர் வாயிலில் நிற்பதன் விளைவு அது. பரவலாக்கப்பட்ட தளங்களிற் காவலர் எம்மவராகவே இருக்கமுடியும் என்பது அவற்றின் பெருஞ் சிறப்பு. ஆனால் இருக்கமுடியும் என்பது வேறு. இருக்கிறார் என்பது வேறு.

செய்யவேண்டியது

மேற்கூறியவற்றிலிருந்து சில கடமைகள் புலனாகின்றன. முதலாவது, மனிதர் கையால் ஆக்கப்பட்ட வழிகாட்டிகள் வேண்டும். ஒவ்வொரு குழுமத்தின் முழு முகவரி, அங்கு பேசப்படும் பொருள், மொழி, மட்டறுத்தல் ஒழுங்கு, இறுதியாகச் சரிபார்த்த திகதி ஆகியன அவற்றில் இடம்பெறல் வேண்டும். சேர்த்ததற்கும் நீக்கியதற்கும் காரணம் எழுதப்படல் வேண்டும். இரண்டாவது, ஒரே வழிகாட்டி போதாது. உடன்படாதவர் தம் பட்டியலை ஆக்கட்டும். மூன்றாவது, வடிகட்டிகள் முதல்நாளே கற்பிக்கப்படல் வேண்டும். நான்காவது, வெளியேறும் வழியையும் முன்னரே கூறல் வேண்டும். மாஸ்ரடனில் ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்பவரைப் பின்தொடர்வோர் உடன்வருவர். அவர் எழுதிய பதிவுகள் உடன்வாரா. இதனை அறிந்து தெரிபவரின் தெரிவே தெரிவெனத் தகும்.

இவற்றை வேறு எவரோ செய்வர் எனக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆண்டுதோறும் புதுமுக மாணவரை வரவேற்று விரிவுரை மண்டபத்துக்கும் நூலகத்துக்கும் வழிகாட்டும் தமிழ்ச் சங்கங்களுக்கு இது புதிய பணியும் அன்று. நான்கு மாணவர் மாதத்தில் ஒருநாள் செலவிட்டால் தமிழ்க் குழுமங்களின் பட்டியலொன்று ஆண்டு முழுவதும் பிழையின்றி நிற்கும். இச்சிற்றுழைப்பை ஏளனம் செய்துகொண்டே பெருநிறுவனங்களின் ஆதிக்கத்தைக் கண்டிப்போரின் கண்டனத்துக்குப் பெறுமதி யாது?

எமது விடுதியின் எண்மரில் அறுவர் மீண்டும் பழைய தளத்துக்கே சென்றுவிட்டனர். அவர்கள் அடிமைத்தனத்தை விரும்பிச் சென்றவரல்லர். இங்கு வாயிலில் நின்று வாருங்கள், இவ்வழியாக எனக் கூற ஒருவரேனும் இருந்திருப்பின் அவருட் சிலராவது எஞ்சியிருப்பர். கதவைத் திறந்துவைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுபவர் விருந்தோம்புபவர் ஆகார்.